நெற்றிக்கு எதற்குக் கண்ணாடி?

கெலமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், ஓசூர் சிப்காட்டில் கிரைண்டிங் வேலை பார்ப்பவர். “கம்பெனியில கண்ணாடி தரலையா?” என்று கேட்டேன்.

“தர்றாங்க சார். மாட்டினா அஞ்சு நிமிஷத்துல ஆவி படிஞ்சு மங்கலாயிடுது. மூக்குகிட்ட சந்து வேற. நெத்தியில ஏத்தி விட்டுக்குவோம்” என்று சிரித்தார்.

உடனே நம்மாட்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள், ‘லேபருக்கு அக்கறை இல்லை’ என்று! யாருக்கு அக்கறை இல்லை? நான் காமர்ஸ் படித்தவன். பர்ச்சேஸ் மூளை எப்படி ஓடும் என்று தெரியும். மூணு கொட்டேஷன், குறைந்த விலை, ஒரே சைஸில் மொத்தமாக ஆர்டர். முகமும் ஒரே சைஸா சார்?

குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் போகிறவர் கண்ணாடியைப் பத்து தடவை மாட்டிப் பார்க்கிறார். ஸ்பாஞ்ச் கன்னத்தில் படிகிறதா, மூக்கோரம் காற்று புகுகிறதா, பவர் கண்ணாடிக்கு மேல் உட்காருமா... இரண்டு நாள் உல்லாசத்துக்கு அத்தனை சோதனை! வருஷம் பூரா தீப்பொறிக்கு முன்னால் நிற்கிறவருக்கு?

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே, 35-வது பிரிவில் ‘பொருத்தமான’ கண்ணாடி என்றுதான் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைத்தான் வசதியாக விழுங்கிவிட்டோம்.

ஆர்டர் போடுமுன் தரமான நாலு மாடலை வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். மாட்டிக்கொண்டு குனியட்டும், தலையை ஆட்டட்டும், அரை மணி நேரம் வேர்க்கட்டும். தூசி நேராக நுழையாதபடி காற்றுத் துளையை மறைத்து வைத்த மாடல் கொஞ்சம் விலை கூடும்தான். அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லையா? வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.