சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்

டுமாயிலிருந்து படகேறி மலாக்கா மருத்துவமனைகளுக்கு வரும் இந்தோனேசிய நோயாளிகளைப் பாருங்கள். கூடவே அம்மாவோ அக்காவோ வருகிறார்கள். நம் பிள்ளைகள் கொழுப்பை எடுக்கவோ மூக்கைத் திருத்தவோ ஹாட்யாய்க்கும் பேங்காக்குக்கும் போனால் மட்டும் ‘கூட்டாளிகளோடு சுற்றுலா’ என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன்? ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பெண் பார்க்கும்போது நிறத்தையும் உடம்பையும் எடைபோடுகிற அதே வாய்தான், திருத்திக்கொண்டு வந்தவளை ‘பிளாஸ்டிக்’ என்று சிரிக்கிறது.

இந்தச் சிரிப்பு ஆளைக் கொல்லும். மிகைப்படுத்தவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் எளிதில் உறையும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தக்கட்டி உருவாகி, நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கொழுப்பு நீக்கம், மார்பக அறுவைக்குப் பின் 5 முதல் 7 நாள், முகத்தில் செய்தால் 7 முதல் 10 நாள் விமானம் ஏற வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. பொய் சொல்லிப் போனவளுக்கு ஏது பத்து நாள்? ஞாயிறு ராத்திரி வீட்டில் இருந்தாக வேண்டும். காய்ச்சல் வந்தாலும் சொல்ல முடியாது.

நான் பொறியாளன். பிரித்துப் பூட்டிய எந்திரத்தையே சோதித்துப் பார்க்காமல் ஓடவிட மாட்டோம்.

அழகு அவசியமா என்ற பட்டிமன்றத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். தங்கச்சி போகிறேன் என்றால், “எத்தன நாள் தங்கப்போறே? கூட யார் வர்றா? மூச்சுத் திணறினா யாரக் கூப்பிடுவே?” என்று கேளுங்கள். கேட்க மனமில்லையா, சிரிக்காமலாவது இருங்கள்.