பிறந்த தேதியும் ஒரு சாவிதான்!

குட்டி நண்பர்களே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் என்ன பரபரப்பு! அண்ணனோ அக்காவோ இணையத்தைத் திறந்து இரண்டே விவரங்கள் தருவார்கள். ஒன்று தேர்வுப் பதிவெண்; மற்றொன்று பிறந்த தேதி. உடனே மதிப்பெண் வந்து நிற்கும்.

பதிவெண் பெரிய ரகசியம் இல்லை. ஒரே வகுப்பில் படிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். ஆகவே பிறந்த தேதிதான் அந்தப் பூட்டுக்குச் சாவி. அதைத்தான் நாம் கேக் வெட்டும் படத்தோடு ஊருக்கெல்லாம் காட்டிவிடுகிறோம்!

வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். 18 வயது ஆகாததால் உங்கள் பெயர் அதில் இருக்காது. ஆனால் அப்பா, அம்மாவின் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இருக்கும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். "அதை மூடி வைத்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். கூடாது! போலிப் பெயர் நுழைந்ததா, உண்மையான வாக்காளர் விடுபட்டாரா என்று மக்களே சரிபார்க்கத்தானே அந்தப் பட்டியல்?

ஆனால் பார்ப்பது வேறு, மொத்தமாக அள்ளுவது வேறு. ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் ஒரு குடம் இறைக்கலாம்; மோட்டார் வைத்து உறிஞ்சலாமா? அதனால்தான் கணினி எளிதில் தேடிப் பிரிக்க முடியாதபடி, பட்டியலைப் படமாக இணையத்தில் வைக்க 2018-ல் தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. தேடும் வசதியோடு தர வேண்டும் என்று கேட்ட மனுவை அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த இணையப் பட்டியலில் வாக்காளரின் புகைப்படம் இல்லை. வயது உண்டு, பிறந்த தேதி இல்லை.

பெரியவர்களின் பட்டியலுக்கே இவ்வளவு கவனம் என்றால், நம் பள்ளிப் பட்டியல்களுக்கு வேண்டாமா? போட்டியில் வென்றவர் பட்டியலை இணையத்தில் போடும்போது பெயரும் வகுப்பும் போதாதா? பிறந்த தேதியும் அப்பாவின் கைப்பேசி எண்ணும் எதற்கு? ஒருவன் இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, "உங்கள் மகனுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று பேசினால் அம்மா நம்பிவிடுவாரே!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

அதனால், அடுத்த முறை யாராவது படிவம் நீட்டினால், "இது எதற்கு? யார் பார்ப்பார்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பிறந்தநாளை எல்லோரோடும் கொண்டாடுங்கள். ஆண்டை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவோமா என்ன?