விட்டுவிட்டு வரும் குறை

ஆசிரியர் உரை

அடியோடு பழுதாகிப்போன கணினியைக் கண்டு அஞ்சுகிற பழுதுபார்ப்பவர் நம்மிடையே எவரும் இல்லை. ஏனெனில், செத்த யந்திரம் எந்த நேரத்தில் சோதித்தாலும் செத்ததாகவே இருந்து, நம் கேள்விகளுக்கெல்லாம் மாறாத ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும். நம் பொறுமையையும் நற்பெயரையும் ஒருங்கே சோதிப்பது, ஒருநாள் இயங்கி மறுநாள் மறுத்து, வாடிக்கையாளர் வீட்டில் எத்தனை முறை விசையை அழுத்தினாலும் மௌனம் சாதித்துவிட்டு, புலாவ் செபாங்கிலோ அலோர் காஜாவிலோ உள்ள நம் கடை மேசைக்கு வந்த மாத்திரத்தில் முதல் அழுத்தலிலேயே எழுந்து நிற்கும் கணினிதான். “கடையில வெச்சா நல்லா ஓடுது தம்பி, வீட்டுக்குக் கொண்டு போனா நின்னுடுது” என்ற முறையீட்டைக் கேளாமல் இத்தொழிலில் ஓராண்டைக் கழித்தவர் இருக்க முடியாது.

இம்முறையீட்டுக்கு நாம் வழக்கமாகச் செய்கிற வைத்தியம் யாது? ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறோம். பவர் சப்ளையை மாற்றுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸை அழித்து மறுபடியும் போடுகிறோம். இவற்றுள் எதைச் செய்தபின் கணினி எழுகிறதோ அதுவே குறைக்குக் காரணம் என்று நிர்ணயித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பத்துத் தடவையில் ஏழு தடவை தானாகவே எழும் சுபாவமுள்ள ஒரு யந்திரம், நாம் ஒன்றுமே செய்யாமல் கற்பூரம் காட்டியிருந்தாலும் பெரும்பாலும் எழுந்துதான் இருக்கும் என்பதை அச்சமயத்தில் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பத்துக்கு மூன்று தடவை மறுக்கும் கணினி, குறை நீங்காமலே தொடர்ந்து ஒன்பது முறை எழுவதற்கு நூற்றுக்கு நான்கு என்ற அளவில் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒன்பது முறை தவறாமல் எழுந்த பிறகே ‘தீர்ந்தது’ என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பத்துக்கு ஒரு தடவை மட்டும் மறுக்கும் கணினிக்கோ, ஏறத்தாழ அதே துணிவைப் பெற இருபத்தொன்பது முறை எழ வேண்டும். நம்மில் எத்தனை பேர் இருபத்தொன்பது முறை சோதித்துவிட்டுப் பட்டியல் எழுதுகிறோம்?

கணக்கு இதுவானாலும், எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த நிலைமையில் சோதித்தோம் என்பதே பிரதானம். விட்டுவிட்டு வரும் குறை என்பது பெரும்பாலும் ஒரு பாகத்தின் குறை மட்டுமன்று. ஒரு பாகமும் ஒரு சந்தர்ப்பமும் கூடுகையில் நிகழும் காரியம் அது. பாகம் நம் மேசைக்கு வந்துவிடுகிறது. சந்தர்ப்பம் வாடிக்கையாளர் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கேட்டறிந்து மேசைக்குக் கொண்டுவராதவரையில், நம் சோதனையெல்லாம் பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதாகவே முடியும்.

இதனைத் தெளிவுபடுத்த, கணினி எழும் கிரமத்தை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். சுவர் சுவிட்சைப் போட்டவுடனேயே, விசையை அழுத்துவதற்கு முன்பே, ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் ஊதாநிறக் கம்பியில், அதாவது 24 முனை இணைப்பின் 9ஆம் முனையில், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துவிடுகிறது. விசையை அழுத்தினால் மதர்போர்ட் 16ஆம் முனையின் பச்சைக் கம்பியைத் தரைமட்ட மின்னழுத்தத்துக்கு இறக்குகிறது. அப்பொழுதுதான் 12, 5, 3.3 வோல்ட் வழிகள் எழுகின்றன. அவை நிலைபெற்றபின், 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் 8ஆம் முனையின் சாம்பல்நிறக் கம்பி ‘மின்சாரம் சரி’ என்று தெரிவிக்க வேண்டும். தம்பின் எல்லையை ஒட்டிய நம் ரயில் நிலையத்தில் பச்சை விளக்கு விழாமல் வண்டி நகராததைப் போல, இந்தச் செய்தி வராமல் பிராசஸர் ஒரு கட்டளையையும் தொடங்காது. அதற்கப்பால்தான் பயாஸின் சுயபரிசோதனையும், ரேமும், ஹார்ட் டிஸ்க்கும், இறுதியில் விண்டோஸும்.

கிரமம் இவ்வாறிருக்க, கணினி எந்தப் படியில் நின்றது என்பதை வாடிக்கையாளரின் வாய்மொழியிலிருந்தே பாதி அறியலாம். ஒரு விளக்கும் எரியாமல் அசைவற்றுக் கிடந்ததா? முதல் இரண்டு படிகளையும் முன்விசையையும் நோக்குக. காற்றாடி ஒரு கணம் சுழன்று நின்றதா? பெரும்பாலும் எங்கோ குறுக்குச்சுற்று இருந்து, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொண்டது. காற்றாடி ஓடியும் திரை இருண்டிருந்ததா? ரேமின் தொடுமுனைகளும் ‘மின்சாரம் சரி’ என்ற கம்பியும் சந்தேகத்துக்குரியவை. தயாரிப்பாளரின் முத்திரை தோன்றியபின் திகைத்து நின்றதா? அங்கே பவர் சப்ளையை மாற்றுவது வாடிக்கையாளரின் பணத்துக்குச் செய்யும் துரோகம். ஹார்ட் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பார்ப்பதே முறை.

காடேக் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றின் வரவுசெலவுக் கணக்கும் உபயகாரர்களின் ரசீதுகளும் அடங்கிய ஒரு கணினியின் வரலாறு இவ்விஷயத்தில் மிகவும் போதனை தருவது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டுமே அதைப் பயன்படுத்திவந்த பொருளாளர், விசை வேலை செய்யவில்லை என்று இரண்டு கடைகளுக்கு எடுத்துச் சென்றார். இரண்டிலும் பிளக்கைச் சொருகிவைத்துவிட்டு, வந்திருந்த வேறொரு வாடிக்கையாளரைக் கவனித்துத் திரும்பிவந்து அழுத்த, கணினி உடனே எழுந்தது. குறையில்லை என்று கொடுத்தனுப்பினார்கள். மூன்றாவதாக அதைப் பார்த்தவர் கேட்ட ஒரு கேள்வியில் வழக்கு முழுவதும் வெளிப்பட்டது: “வேலை முடிஞ்சதும் சுவர் சுவிட்சை என்ன செய்வீங்க, ஐயா?” இடி மின்னலுக்கு அஞ்சிச் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுவதாகப் பொருளாளர் சொன்னார். அன்றிரவு முழுவதும் அக்கணினி பிளக்கின்றிக் கிடந்தது. மறுநாள் காலையில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஒரு கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை ஊதாக் கம்பியிலும் பின்புறமாக வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டபொழுது, 5 வோல்ட் காட்ட வேண்டிய முள் 4 வோல்ட்டைத் தொடாமலே நின்று, பவர் சப்ளை உள்ளே சூடேற ஏற மெல்ல மெல்ல ஏறி, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்குப் பிறகே 4.75 என்ற கீழெல்லையைக் கடந்தது. இரண்டு கடைகளிலும் கணினியைக் குணப்படுத்தியது வேறொரு வாடிக்கையாளருக்குச் செலவான அந்த நேரமே!

காத்திருப்பு மின்சாரம் இவ்வாறு மெல்ல ஏறியதற்குக் காரணமான எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் சுபாவத்தை நாம் நன்கு அறிந்திருக்க வேண்டும். அதனுள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கிறது. உலர உலர உள்தடை ஏறுகிறது. ஆறிக் கிடக்கையில் மிகுந்திருக்கும் அத்தடை, சூடேறியபின் குறைகிறது. ஆகவேதான் காலையில் மறுத்த கணினி, ஒருமுறை எழுந்தபின் இரவுவரை இடையூறின்றி ஓடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறுந்தோறும் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பொதுவிதி: 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணியும், 75 டிகிரியில் 16,000 மணியும் உழைக்கும். நம் ஊர்ப் பிற்பகலில் தகரக் கூரையின்கீழ், தூசியடைத்த காற்றாடியுடன் ஓடும் பவர் சப்ளைக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், பிளக்கை எப்பொழுதும் சொருகியே வைத்திருக்கும் வீட்டில், கணினி உறங்கும்பொழுதும் காத்திருப்புச் சுற்றின் கெபாசிட்டர் உறங்குவதில்லை. பிடுங்கிவைக்கும் வீட்டிலோ கடிகாரத்தையும் பயாஸ் நினைவையும் காக்கும் பாரம் முழுவதும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியின்மேல் விழுகிறது. ஒரு பழக்கம் ஒன்றைத் தேய்க்கிறது. மறு பழக்கம் மற்றொன்றைத் தேய்க்கிறது.

கெபாசிட்டர் கெட்டால் தலை உப்பியிருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1999 தொடங்கிச் சில ஆண்டுகள் உலகெங்கும் விற்பனையான மதர்போர்டுகளில், திரவக் கலவை சீர்கெட்ட கெபாசிட்டர்கள் உப்பியும் ஒழுகியும் கூட்டங்கூட்டமாகச் செத்தன; டெல் நிறுவனம் மட்டும், ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சீர்செய்வதற்கென 2005இல் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது. அந்தத் தலைமுறைப் பழுதுபார்ப்போர் கண்ணால் கண்டே காரணத்தை அறிந்தார்கள். இன்று நாம் எதிர்கொள்வதோ பெரும்பாலும் சாதாரண முதுமையினால் உலர்ந்தவை. அவை உப்புவதுமில்லை, ஒழுகுவதுமில்லை. பிரத்தியட்சம் பொய்க்கும் இடத்தில் அளவைக் கருவியே துணை. உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்று ஒவ்வொரு கடையிலும் இருத்தல் அவசியம். பவர் சப்ளையைத் திறப்போர், அதன் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட்வரை எஞ்சியிருக்கக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. அதனை இறக்கும் முறை அறியாதவர் அப்பெட்டியைத் திறவாமல் முழுதாக மாற்றிவிடுவதே விவேகம்.

மற்றைய சந்தர்ப்பங்களையும் சுருக்கமாகச் சொல்லலாம். செம்மண் தூசியும் சாம்பிராணிப் புகையும் படிந்த போர்டு, மழை பெய்த விடியலில் ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுக்கு இடங்கொடுத்து, வெயிலேறியபின் உலர்ந்து நல்லதாகிவிடும். ரேமின் தொடுமுனைகளை அழிப்பானால் தேய்ப்பது துகளை உள்ளே விட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதே மேல். எறும்பும் பல்லியும் குடியேறாத கணினி நம் வட்டாரத்தில் அபூர்வம். மின்னல், சுவர்வழி மட்டுமன்றி நெட்வொர்க் கேபிள் வழியாகவும் புகுந்து, லேன் சில்லைச் சிதைத்துக் காத்திருப்பு மின்சாரத்தைக் கீழே இழுத்துவிடும். செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த நாட்களில் இதனை நாம் மிகுதியாகக் கண்டோம். கண்ணாடியிழை வந்தபின் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. மலேசியாவில் 2008 ஜனவரி முதல் வீட்டு மின்னழுத்தத்தின் நியம அளவு 230 வோல்ட். ஏறத்தாழ 216 முதல் 253வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. நீண்ட மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் உள்ள லயத்து வீட்டில், எல்லாரும் சோறு பொங்கும் மாலைவேளையில் அது எவ்வளவு என்பதை அங்கே சென்று அளந்தாலன்றி அறிய முடியாது. விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்துள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ ஏற்பாட்டினால், அணைத்தோம் என்று நாம் நினைக்கும் கணினி பாதி உறக்கத்திலேயே இருப்பதும் உண்டு. அதை நீக்கிவிட்டுச் சோதிப்பதே முறையான சோதனை.

இவற்றால் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கணினியைப் பெற்றுக்கொள்ளும் வேளையிலேயே, பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறிக்கும் சீட்டில் ஐந்து கேள்விகளுக்கும் இடம் ஒதுக்குவோமாக: எந்த வேளையில் மறுக்கிறது? மறுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது? சுவர் சுவிட்ச் போட்டிருந்ததா, அணைந்திருந்ததா? அதே எக்ஸ்டென்ஷனில் வேறு என்னென்ன சொருகப்பட்டுள்ளன? மறுத்தபொழுது விளக்கு, காற்றாடி, திரை ஆகியவற்றுள் எதெது உயிரோடிருந்தது? விடைகளைப் பெற்றபின், அதே நிலைமையை மேசையில் உண்டாக்கி, குறையைக் கண்ணால் கண்ட பிறகே ஸ்குரூவைத் திருப்புவோமாக. குறை தோன்றுமுன் மாற்றிய பாகம், குறையை மறைத்ததா நீக்கியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

இதற்கு இரவு முழுதும் காத்திருக்க வேண்டுமே, வாடிக்கையாளர் அன்றே திரும்பக் கேட்கிறாரே, காத்திருப்பதற்கு யார் பணம் தருவார் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பாகத்துக்கு மட்டும் விலை போட்டு, பரிசோதனையை இலவசமாகச் செய்துவரும் வழக்கமே, தேவையற்ற பாகத்தை மாற்றும்படி நம்மைத் தூண்டுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு நியாயமான தொகையை முன்கூட்டியே சொல்லி, இரண்டு இரவுகள் வைத்திருப்பதற்கு ஒப்புதல் பெற்று, குறை தெரியாவிட்டால் ‘இன்ன நிலைமைகளில் சோதித்தோம், குறை தென்படவில்லை’ என்று சீட்டில் ஒளிவின்றி எழுதிக் கொடுக்கும் கடைக்கு, வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்த கடைக்கும் வருவார், ஆனால் சண்டையிடுவதற்கு வருவார்.