கடற்காகம் தின்னும் பசளை

மலைநாட்டுச் சஞ்சிகையில் கடற்காகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1977இலும் 1983இலும் கலவரத்தில் அடிபட்டு, தோட்டங்களை விட்டு வன்னிக்கும் மன்னாருக்கும் போன நம் குடும்பங்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் வள்ளம் கரை சேருமுன் அது வந்து சேர்ந்துவிடும்.

அதுவும் அந்த ஊர்ப் பறவையன்று. எந்தக் கடற்காகமும் நம் நாட்டில் முட்டையிடுவதில்லை. பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத்து, லடாக் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிகாலத்துக்கு இங்கே வருகிறது. அப்போது அதன் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். மார்ச் வாக்கில் பழுப்பு முக்காடு போட்டுக்கொண்டு புறப்படும். முதுகு கறுத்த பெரிய இனமொன்று சைபீரியாவின் வடகோடியிலிருந்தே வருகிறது. ஆலாவின் வாயிலிருக்கும் மீனைத் துரத்திப் பறிப்பதில் எல்லாம் ஒரே சாதிதான்.

கூட்டம் பெரிதென்றால் கடல் செழிப்பாயிருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீன் வெட்டிக் குடலை வீசும் இடத்தில்தான் கூட்டம் மொய்க்கிறது. அது கடலின் செழிப்பல்ல, நம் ஊதாரித்தனம்.

அந்தக் குடலும் செதிளும் நல்ல பசளை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்குவதற்குள் தேயிலையும் மரக்கறியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் மீன்கழிவோடு சம எடை வெல்லம் கலந்து, மூடியை இறுக்காமல் மூன்று நான்கு வாரம் புளிக்கவிட்டு வடிக்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் கலந்து பயிருக்குத் தெளித்தால் போதும். வெல்லம் விலைதான், முடியாதவர்கள் கழிவைக் கூட்டெருக் குழியில் ஆழமாகப் புதைக்கலாம், மேலோடு போட்டால் நாய் தோண்டிவிடும்.

புதிய இடத்தில் கையளவு நிலத்தோடு தொடங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கருவாடு ஏற்றிவரும் லொறியில் இரண்டு பீப்பாய்க்கு இடமிருக்காதா? பச்சைக் கழிவென்றால் நாற்றம் தாங்காது. கரையிலேயே புளிக்கவைத்து வடித்து அனுப்பட்டும். மீன் வெட்டும் பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கும். அங்குள்ள மீனவர் சங்கத்தோடு நம் விவசாயச் சங்கங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

கடற்காகம் பட்டினி கிடக்காதா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். மணல்திட்டில் நண்டும் சிறுமீனும் தேடித் தின்னத் தெரியாத பறவையா அது?