பனிமலைக்குப் போகுமுன்

நேயர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் சாதாரண உத்தியோகஸ்தர். இரண்டு வருஷ காலமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண், எழுபது பிராயமான தாயார் எல்லோரையும் அழைத்துக் கொண்டு ஒரு முறை பனிமலைக்குப் போய் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குக் கற்றுக் கொள்ள வேண்டும். தாயாருக்குக் கண் மூடுவதற்குள் பனியைக் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும். "இதற்கு மிகச் சிறந்த இடம் எது?" என்று கேட்டிருக்கிறார்.

"மிகச் சிறந்த மாப்பிள்ளை யார்?" என்று ஒருவர் கேட்டால், "எந்தப் பெண்ணுக்கு?" என்றுதானே நாம் திருப்பிக் கேட்போம்? சறுக்கு ஸ்தலங்களின் விஷயமும் அப்படித்தான். கீர்த்தி வாய்ந்த இடமெல்லாம் நமக்கு ஏற்ற இடம் ஆகிவிடாது.

பணம் ஒரு பொருட்டில்லை என்றால் ஸ்விட்சர்லாந்தில் ஸெர்மாட் இருக்கிறது. அங்கே கம்பிவட வண்டி 3,883 மீட்டர் உயரம் வரை போகிறது. பனியாற்றின் மேல் கோடையிலும் சறுக்குகிறார்கள். ஐரோப்பாவில் சறுக்கு வழிகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். புதிதாக வருகிறவன் வழி தவறுவதற்கு இடமில்லை. இந்த ஒழுங்கை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நமது நேயர் இரண்டு வருஷம் சேர்த்த பணம் விமானச் சீட்டுக்கே சரியாகிவிடும். தவிர, ஐரோப்பாவானாலும் பனி நிச்சயம் என்று சொல்வதற்கில்லை. 2023ஆம் வருஷப் பிறப்பின்போது ஆல்ப்ஸ் மலையின் தாழ்ந்த சரிவுகளில் பனியில்லாமல் பல வழிகளை மூடும்படி நேர்ந்தது.

ஆகவே நம் நாட்டுக்கு வருவோம். முறையாகச் சறுக்குக் கற்றுக் கொள்ள இங்கே இரண்டு இடங்கள் முக்கியமானவை: கட்வால் பிரதேசத்தில் ஔலி, காஷ்மீரத்தில் குல்மார்க்.

ஔலியின் அழகுக்கு ஈடு சொல்வது கடினம். சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை சரிவுகள். எதிரே நந்தாதேவியின் சிகரம். 2011ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ஆனால் ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் வரையில் சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. எழுபது வயதுத் தாயாருக்கு அது இலேசான பிரயாணமல்ல. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் கண்டதும், அங்கிருந்து ஔலிக்கு ஏறும் கம்பிவட வண்டியையும் நிறுத்தினார்கள். செயற்கைப் பனி இயந்திரம் உண்டே என்று சிலர் சொல்லலாம். காற்று போதிய அளவு குளிர்ந்திருந்தால்தான் இயந்திரமும் பனி பொழியும். குளிரே வராத வருஷத்தில் இயந்திரம் என்ன செய்யும்?

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். 1927ல் ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் பொழுதுபோக்குக்காக அங்கே ஒரு சறுக்குச் சங்கம் ஏற்படுத்தினார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948ல், நமது ராணுவம் அங்கே சறுக்குப் பள்ளி தொடங்கியது. 2022ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் சார்பில் போட்டியிட்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் அந்தச் சரிவுகளில் சறுக்கிப் பழகியவர். துரைமார்களின் விளையாட்டு அந்த மண்ணின் பிள்ளைக்குச் சொந்தமானது நமக்குப் பெருமையே.

ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு அருகிலேயே புதியவர்கள் பழகுவதற்கு மெதுவான சரிவுகள் உண்டு. குழந்தைகளுக்கு அவை போதும். கண்டோலா என்னும் வண்டியின் முதற் பகுதி கொங்டூரி வரை செல்கிறது. தாயாரை அதில் அழைத்துச் செல்லலாம். இரண்டாம் பகுதி ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை, அபர்வத் சிகரத்தை ஒட்டிப் போகிறது. வைத்தியரைக் கேளாமல் வயதானவர்களை அங்கே ஏற்றக் கூடாது. அதற்கப்பால் உள்ள சரிவுகள் கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே. 2023 பிப்ரவரி 1ந் தேதி அங்கே பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

இடத்தைவிட முக்கியமானது தேதி. இதை நேயர் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். காஷ்மீரத்தின் பனி நமது பருவ மழையால் வருவதன்று. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழல்கள் கொண்டு வருவது. அவை தவறினால் பனியும் தவறும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பார்கள்; கடுங்குளிர்க் காலம். 2024ல் அந்த நாற்பது நாளில் பெரும் பகுதியும் குல்மார்க் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்தது. பிப்ரவரியில்தான் தாராளமாகப் பனி கண்டது. 2025ல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லாமல் தள்ளி வைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள்.

பனி பெய்யாவிட்டால் நம் நேயருக்கு ஒரு விடுமுறை நஷ்டம். சறுக்கு வண்டி இழுப்பவனுக்கும், கற்றுக் கொடுப்பவனுக்கும், மட்டக் குதிரைக்காரனுக்கும் ஒரு வருஷத்துப் பிழைப்பே நஷ்டம். அவர்களிடம் கூலி பேசும்போது இதைச் சற்று நினைத்துக் கொள்வது நல்லது.

ஆகையால் நமது அபிப்பிராயம் இது. அரைப் பரீட்சை விடுமுறையையும் பொங்கலையும் நம்பிப் புறப்பட வேண்டாம். பிப்ரவரி நடுவில் குழந்தைகளுக்கு ஒரு வாரம் லீவு கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் திரும்பக் கிடைக்கக் கூடிய அறையாகப் பார்த்து அமர்த்துங்கள். கண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பலத்த காற்றடித்தால் வண்டி நிற்கும் என்பதால் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக் கொள்ளுங்கள். வாடகைக்குச் சறுக்குக் கட்டை எடுக்கும்போது எல்லோரும் கட்டையைப் பார்ப்பார்கள். நீங்கள் பூட்ஸைப் பாருங்கள். குதிகால் உள்ளே எழும்பினால் அந்தப் பூட்ஸ் உதவாது. இது நாம் நான்கு முறை விழுந்து கற்ற பாடம். தலைக்கவசம் இல்லாமல் குழந்தைகளை இறக்காதீர்கள்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 22ந் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை எவரும் மறக்கவில்லை. புறப்படுமுன் அரசாங்க அறிவிப்பைப் பாருங்கள். போக வேண்டாம் என்றால் போகாதீர்கள். மலை எங்கும் ஓடிவிடாது.

"மலை ஓடாது, அம்மாவுக்கு வயது ஓடுகிறதே" என்று நேயர் சொல்வார். உண்மைதான். அதனால்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பையனின் கால்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறோம். அவனுக்கு இன்னும் ஐம்பது பனிக்காலம் இருக்கிறது. தாயார் சௌக்கியமாகப் போய், ஒரு பிடி பனியை அள்ளி, கை விறைத்துச் சிரித்து, சௌக்கியமாக வீடு திரும்பக் கூடிய இடம் எதுவோ, அந்தக் குடும்பத்துக்கு அதுவே மிகச் சிறந்த இடம்.