ஒரே கூரையின் கீழ் இருவர்

1999இல் கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியில் ஒரு பாலியல் தொழிலாளியைச் சுவரிலும் தரையிலும் மோதிக் கொன்றான் ஒருவன். அவனுடைய ஆயுள் தண்டனையை 2011இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம் வழக்கை அத்துடன் மூடிவிடவில்லை. இந்தப் பெண்கள் கண்ணியமாக வாழ வழி காணும்படி ஒரு குழுவை நியமித்தது.

அக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 2022 மே மாதம் வந்த உத்தரவை, 'தொழில் சட்டபூர்வமாகிவிட்டது' என்று பலர் கொண்டாடினார்கள், பலர் கொதித்தார்கள். இருவர் வாசிப்பும் தவறு. ரெய்டில் சிக்கும், சுயவிருப்பத்துடன் தொழில் செய்யும் பெண்ணைக் கைதுசெய்யக் கூடாது என்ற பரிந்துரையை மத்திய அரசு ஏற்கத் தயங்கியது. அது நிலுவையில் தங்கிவிட்டது.

1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் தன்னளவில் குற்றமல்ல. விடுதி நடத்துவது குற்றம். ஆனால் இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காகப் பயன்படுத்தும் அறையும் சட்டத்தின் பார்வையில் விடுதிதான். முரட்டு வாடிக்கையாளன் கதவைத் தாழிடும்போது, அடுத்த அறையில் குரல் கேட்க ஒருத்தி இருப்பதுதான் இவர்களுக்குள்ள பாதுகாப்பு. அதைத்தான் சட்டம் குற்றமாக்குகிறது.

விடுதித் தடையைத் தளர்த்தினால் பெண்களைக் கடத்துபவர்களுக்குக் கொண்டாட்டம் என்ற அச்சத்தை வெறும் ஒழுக்கவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1996இல் பம்பாய் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களில் நேபாளப் பெண்கள் பலர், சிறுமிகளும் இருந்தார்கள். பதினைந்து வயதில் விற்கப்பட்டவள் இருபத்தைந்து வயதில் 'விருப்பத்துடன்தான் இருக்கிறேன்' என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஆனால் ஆள்கடத்தலைத் தண்டிக்கத் தெளிவான சட்டப்பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. பலவந்தமோ மோசடியோ இருந்தால் சம்மதம் என்ற வாதம் அதன்முன் செல்லாது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. குறை சட்டத்தில் இல்லை, தகவலில் இருக்கிறது.

தெருவுக்கு வரும் புதுமுகம் போலீசுக்கு முன்பே அங்கிருக்கும் பெண்கள் கண்ணில்தான் படும். கல்கத்தா சோனாகாச்சியில், 1995இல் உருவான தர்பார் அமைப்பின் பெண்கள் இதற்கென்றே வாரியம் அமைத்து, புதிதாக வருபவர்களின் வயதையும் விருப்பத்தையும் விசாரிக்கிறார்கள். புகார் கொடுத்தால் விடுதி வழக்கில் தாங்களே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கும்வரை, எத்தனை பேர் ஸ்டேஷன் படியேறுவார்கள்?

தரகனையும் முதலாளியையும் சட்டம் விடக் கூடாது. சேர்ந்து வாழும் பெண்களை மட்டும் 'விடுதி' என்ற சொல்லிலிருந்து விடுவிக்கட்டும். கடத்தப்பட்ட சிறுமிக்காக முதலில் குரல் கொடுக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.