நம் ஊரை நாமே எழுதுவோம்

ஐயம் எழுந்தால் கலைக்களஞ்சியத்தை நாடுவது கற்றோர் வழக்கம். இன்று அக்களஞ்சியம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. படிப்பவரே அதில் எழுதவும் இடமுண்டு. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் படிப்பதோடு நின்றுவிடுகிறோம். எழுதும் கடமை மாணவர்க்கும் உண்டு என்பதையும், அக்கடமைக்குரிய ஒழுங்கு எது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒருவர் முயற்சியும் ஊர்கூடிய முயற்சியும்

யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராக உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி', பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1910இல் அச்சேறியது. பின்னர், தி.சு. அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அறிஞர் பலரின் கட்டுரைகளைத் திரட்டியது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் 'கலைக்களஞ்சியம்' மலர்ந்தது.

தனியொருவரின் தவமாகத் தொடங்கிய பணி, அறிஞர் குழுவின் பணியாக வளர்ந்தது. அதன் அடுத்த படியே, எவரும் எழுதலாம் என்னும் விக்கிப்பீடியா. 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கிய அது, 2003இல் தமிழுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், தொடக்கக் காலத்திலேயே அதற்கு அடித்தளமிட்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2010இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்க்கான விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியைத் தமிழக அரசும் நடத்தியது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் 1,50,000ஐக் கடந்துவிட்டன.

நம் நிலத்தை எழுதுவோர் யார்?

எண்ணிக்கை பெருமைக்குரியதே. ஆனால், நம் ஊர்கள் அதில் எவ்வாறு இடம்பெற்றுள்ளன என்று பார்க்க வேண்டும். பல சிற்றூர்களைப் பற்றிய கட்டுரைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைத் தாங்கிய சில வரிகளோடு முடிந்துவிடுகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் பழமையுடைய கல்மரங்கள் திருவக்கரையில் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவற்றைக் குறித்து எழுதியவர், கடல் கடந்து வந்த சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இன்றி எழுப்பியதாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்த குடைவரை மண்டகப்பட்டில் உள்ளது. இத்தகைய இடங்களுக்கு அருகில் வாழ்ந்து, அவற்றின் வழியாக நாள்தோறும் பள்ளிக்குச் செல்வோர் அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதாதிருப்பது முறையன்று. தொலைவிலிருந்து எழுதுவோர் அறியாத வழக்குச்சொல்லும், தவறாக எழுதப்பட்ட ஊர்ப்பெயரின் சரியான வடிவமும் அவ்வூராருக்கே தெரியும்.

எழுதுவதன் ஒழுங்கு

எவரும் எழுதலாம் என்பதற்கு, எதையும் எழுதலாம் என்பது பொருளன்று. மயிலம் முருகன் கோயிலைப் பற்றி ஒரு மாணவர் எழுதத் தொடங்குவதாகக் கொள்வோம். "சூரபத்மன் மயில்வடிவ மலையாக நின்று முருகனை வழிபட்ட உலகப் புகழ்பெற்ற திருத்தலம் மயிலம்" என்று அவர் எழுதினால் அது பக்தியுரையாகும், கலைக்களஞ்சிய உரையாகாது. "சூரபத்மன் மயில்வடிவ மலையாக நின்று முருகனை வழிபட்டான் என்பது இத்தலத்தைப் பற்றிய புராண நம்பிக்கை. இக்கோயில் பொம்மபுர ஆதீனத்தின் நிருவாகத்தில் உள்ளது" என்று எழுதுவதே அதற்குரிய நடை. முதல் தொடர் நம்பிக்கையை நம்பிக்கையாகவே கூறுகிறது. அடுத்த தொடர் சரிபார்க்கத்தக்க செய்தியைத் தருகிறது. பங்குனி உத்திர விழாவிற்கு இத்தனை இலட்சம் மக்கள் கூடுகின்றனர் என்று எழுத விரும்பினால், அவ்வெண்ணுக்குச் சான்று காட்டவேண்டும். சான்று இல்லையேல், எண்ணை விடுத்து விழாவை மட்டும் கூறவேண்டும்.

பிறர் நூலிலிருந்து பத்தி பத்தியாகப் படியெடுத்தலும் தகாது. படித்தறிந்ததைத் தம் சொற்களில் எழுதி, நூலின் பெயரைச் சுட்டவேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் பதிவேற்றுவது அதனினும் தீது. அது தமிழ் எழுத்தில் அமைந்த வேற்றுமொழித் தொடர்களையே பெருக்கும். புதிதாக எழுதுவோர் பயில்வதற்கு 'மணல்தொட்டி' என்னும் பக்கமும், ஐயங்களைப் பொதுவில் கேட்பதற்கு 'ஆலமரத்தடி' என்னும் பக்கமும் உள்ளன.

நம்பகத்தன்மை

எவரும் திருத்தக்கூடிய ஒன்றை நம்புவது எங்ஙனம் என்னும் வினா நியாயமானது. ஒவ்வொரு திருத்தத்தையும் அப்பக்கத்தின் வரலாறு காத்து வைக்கிறது. தவறான மாற்றத்தை முந்தைய நிலைக்கு மீட்கலாம். கருத்து வேறுபாட்டைப் பேச்சுப் பக்கத்தில் வாதிடலாம். ஆயினும், இவ்வமைப்பு தானாக இயங்குவதன்று. பலர் படித்துத் திருத்தும் பக்கத்தில் பிழை விரைவில் நீங்கும். எவரும் எட்டிப்பாராத பக்கத்தில் அது பல்லாண்டுகள் தங்கும். தேடுபொறிகள் வழியாக ஊரெங்கும் பரவும். ஆகவே, பிழை மலிந்திருப்பதைக் காரணம் காட்டி விலகி நிற்பது தீர்வாகாது. நாம் விலகி நிற்பதாலேயே பிழை நிலைபெறுகிறது.

ஏட்டில் ஏறாத அறிவு

இங்கு ஓர் உண்மையான இடர்ப்பாடும் உண்டு. மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் பாத்தியின் நிலையைக் கண்டும் காற்றின் போக்கை உணர்ந்தும் கூறும் நுட்பங்கள் பல, எந்நூலிலும் இல்லாதிருக்கலாம். எவ்வடிவிலும் வெளியிடப்படாததைக் கலைக்களஞ்சியம் சான்றாக ஏற்பதில்லை. கல்வி வாய்ப்புக் கிட்டாதவரின் அறிவு இவ்விதியால் புறந்தள்ளப்படுகிறது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எனினும், சான்று வேண்டும் என்னும் விதியைத் தளர்த்தினால் பொய்யும் அதே வாயில் வழியாகவே நுழையும்.

விதியைக் கைவிடாமல் சான்றை உருவாக்குவதே இதற்கு வழி. தொழிலாளரிடம் அவர்தம் இசைவோடு கேட்டு எழுதி, ஆசிரியர் துணையுடன் கட்டுரையாக்கி, ஆய்விதழில் வெளிவரச் செய்தல் வேண்டும். நாமே எடுத்த ஒளிப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்கலாம். தொழிற்சொற்களை விக்சனரியில் இடம்பெறச் செய்ய முயலலாம். இவ்வாறு எழுத்தில் ஏறிய அறிவு, நாளை கலைக்களஞ்சியத்திற்குச் சான்றாகும்.

தொடங்கும் இடம்

முழுக்கட்டுரை எழுதித்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதும், சான்றில்லாத தொடருக்கு நூலகத்தில் சான்று தேடித் தருவதும் அரிய பங்களிப்புகளே. பெயரும் பொருளும் கருதாது ஆற்றும் இப்பணி, எழுதுவோருக்கும் பயன் தருகிறது. தாம் அறிந்தது எது, பிறர் கூறக் கேட்டது எது, விரும்பி நம்புவது எது எனப் பிரித்துணரும் ஆற்றலை அது வளர்க்கிறது. அவ்வாற்றலோடு ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றி ஒரு பத்தியேனும் பிழையறச் சான்றோடு எழுதினால், எண்களாக மட்டுமே நிற்கும் நம் சிற்றூர்கள் தமிழில் தம் முழு உருவைப் பெறும்.